இரண்டு பிரேக் வண்டி

ஜூன் 4

அன்புள்ள சம்பந்திக்கு,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும். சில எழுத்துகள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கின்றன, சில படுத்துத் தூங்குகின்றன. ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன கை. பேனா நழுவுகிறது. இறுக்கிப் பிடித்தால் தாள் கிழிகிறது. இது நான் என் வாழ்நாளில் எழுதும் முதல் கடிதம். யாரும் பக்கத்தில் இருந்து சொல்லவில்லை. ‘ழ’ எழுதும்போது பேனா சுழன்று இறங்குகிறது பாருங்கள், நட்டு மரையில் போய் உட்காருகிற மாதிரி இருக்கிறது. அதற்காகவே ‘ழ’ வருகிற சொல்லாகத் தேடி எழுதலாம் போலிருக்கிறது.

போனில் பேசலாமே என்பீர்கள். போனில் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் உம் கொட்டுவேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே வர முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிவியைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள், “உங்க பையன்தான் சம்பந்தி, சிரிச்சே சாகடிக்கிறார்” என்றீர்கள். போனை வைத்த பிறகு என் வீட்டுக்காரியிடம் கேட்டேன், “நம்ம பையன் சத்தமா சிரிப்பானா?” என்று. அவள், “உங்களுக்கு முன்னாடி எப்படிச் சிரிப்பான்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குடிநீர் ஆபீஸ் அவனை உங்கள் ஊருக்கு அனுப்பியது. உங்கள் மகளுக்கு இங்கே கண் ஆஸ்பத்திரியில் வேலை. அதனால் உங்கள் பெண் என் வீட்டில், என் பையன் உங்கள் வீட்டில். பண்டமாற்று போல ஆகிவிட்டது. கொஞ்ச நாள்தானே என்று இருந்தேன். இப்போது ஆபீஸில் அவனைக் கேட்டிருக்கிறார்களாம், அங்கேயே நிரந்தரமாக இருக்கிறாயா, திரும்பிப் போகிறாயா என்று. அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இதைக்கூட அவன் எனக்குச் சொல்லவில்லை. மருமகள் சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் அவனைத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான். இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

ஜூன் 11

சம்பந்தி! சம்பந்தி!

கடிதத்தைப் பிரித்ததும் யாரோ சின்னப் பிள்ளை எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த பத்தியிலேயே திட்டு வந்தது, நீங்கள்தான் என்று புரிந்துகொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். என் டிரைவிங் ஸ்கூலுக்குப் படிக்க வருகிறவர்கள் முதல் நாள் ஓட்டுவதைவிட உங்கள் எழுத்து நேராகத்தான் போகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது யார்? என் பாப்பா. தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாள் விடாமல், கடைசி எழுத்துவரை. இதை என் சம்சாரத்திடம் சொன்னேன், “வேற யாரோ பொண்ணா இருக்கும்” என்கிறாள். நீச்சல் கற்றுக்கொள்ளப் போனாள், தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று வந்துவிட்டாள். வீணை வாங்கினேன், மூலையில் நிற்கிறது. தையல் மிஷின் வாங்கினேன், அதன் மேல் துணி மடித்து வைக்கிறோம். நான் ஒரு நாளும் ‘கூடாது’ என்றதில்லை. பிடிக்கலையா, விட்டுடு கண்ணு என்பேன். என் அப்பா என்னை அடித்த அடிக்கு, என் பிள்ளைமேல் ஒரு சுடுசொல் விழக்கூடாது என்று நினைத்தேன். என் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காராத பெண் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வயிறு எரிகிறது சம்பந்தி. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

உங்கள் பையன் சிரிப்பதைச் சொல்கிறீர்கள். அவர் வந்த புதிதில், “மாமா, ஃபேன் போட்டுக்கட்டுமா? மாமா, குளிக்கப் போகட்டுமா? மாமா, இன்னொரு வாய் சாப்பிடட்டுமா?” ஒரு நாள் நான், “மாப்பிள்ளை, மூச்சு விடறதுக்கு மட்டும் கேக்க மறந்துட்டீங்க” என்றேன். சிரித்தார் பாருங்கள், அன்றிலிருந்து சிரிக்கிறார்.

இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கை நிதானம், கண் நிதானம். நல்லா வருவார்.

போகச் சொல்லுங்கள் என்கிறீர்கள். நான் யாரையும் போ என்றும் சொல்வதில்லை, இரு என்றும் சொல்வதில்லை. அது என் சுபாவம். ஆனால் என் மனதைக் கேட்டால், அவர் இங்கேயே இருந்துவிட்டால் பாப்பாவும் இங்கே வந்துவிடுவாள். எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?

அன்புடன்,
சம்பந்தி

*

ஜூன் 17

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை மருமகள் படிக்கிறேன் என்றாள். கொடுக்கவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். காலையில் தொடங்கிச் சாப்பாட்டு நேரத்துக்கு முடித்தேன். ‘கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன்’ என்ற இடம் வந்தபோது தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

நான் லாரி மெக்கானிக். எத்தனை இன்ஜினைப் பிரித்து மாட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. என் மகன் ஸ்டியரிங்கைத் தொடுகிறான், அதுவும் உங்கள் காரில்! இங்கே பட்டறையில் அவனைத் தொடவிடவில்லை, வாஸ்தவம்தான். ஃபேன் பெல்ட்டில் விரலைக் கொடுத்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தள்ளி நில் என்பேன். தள்ளி நிற்பான். சொன்னால் கேட்கிற பிள்ளை என்று தெருவே சொல்லும். அடியாத மாடு படியாது என்பார்கள், நான் அடிக்கக்கூட இல்லை, முறைத்தாலே போதும். அப்படி வளர்த்த பிள்ளையை நீங்கள் சிரிக்கவைத்து வாங்கிக்கொண்டீர்கள்.

நீங்கள் வயிற்றெரிச்சலைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன், நன்றாக எரியட்டும். ஒரு சாயங்காலம் உங்கள் பெண் எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் போன் வந்தது. “போதும் மாமா, மீதி நாளைக்கு” என்று எழுந்தாள். பட்டறையில் பேசிய வாய், சும்மா இருக்குமா? “உக்காரு. எடுத்த வேலையை முடிக்காம எந்திரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கே பக்கென்றது. ஊரான் வீட்டுப் பெண் அல்லவா? அவள் என்னையே பார்த்தாள். பிறகு போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். “எங்க வீட்ல யாருமே என்னை இப்படிச் சொன்னதில்ல மாமா” என்றாள். நான் கோபமாக்கும் என்று நினைத்தேன். “எங்க அப்பாகிட்ட எதைக் கேட்டாலும் உன் இஷ்டம் கண்ணும்பாரு. என் இஷ்டம் எதுன்னு எனக்கே தெரியாது. பாதியில விட்டா யாராவது தடுப்பாங்களான்னு பாத்துப் பாத்தே எல்லாத்தையும் விட்டேன்” என்றாள்.

அன்றிலிருந்து ஒரு நாள் விடுவதில்லை. ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனைப் பயிற்சியிலும் சேர்ந்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வண்டியில் உங்கள் பக்கமும் பிரேக் உண்டு அல்லவா? அதன் மேல் காலை வைத்துக்கொண்டே உட்காருங்கள். என் பையனுக்கு யாராவது சொன்னால்தான் நிற்கத் தெரியும். இது பொறாமையில் சொல்வது இல்லை. பொறாமையிலும் சொல்கிறேன், ஆனால் உண்மை.

சம்பந்தி

*

ஜூலை 1

சம்பந்திக்கு,

பதில் இல்லை. நான் எழுதியது கடுமையாகிவிட்டதோ? மருமகளைக் கேட்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். சனி, ஞாயிறு உங்கள் ஊருக்கு வந்துபோனாள், ஏன் என்று சொல்லவில்லை. “அப்பாவே எழுதுவாரு மாமா” என்கிறாள். என்னவென்றாலும் எழுதுங்கள். திட்டாக இருந்தாலும் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

*

ஜூலை 5

அன்புள்ள சம்பந்திக்கு,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் வலது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதுவது உங்கள் பையன். பயப்படாதீர்கள், அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் பையனுக்கு நிற்கத் தெரியாது என்கிறாரே, அவரையே நிறுத்தவைத்துக் காட்டுகிறேன் பார் என்று. மறுநாள் காலை வண்டியில் உட்கார்ந்ததும் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. சொன்னால் பயப்படுவார் என்று நானும் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன், இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ததில்லை. (இந்தச் சொல்லை எழுத மாட்டேன் என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதிவிட்டார்.)

தெருக்கோடியில் வளைவு. எதிரே ஒரு வீட்டு மதில். மாப்பிள்ளை இப்போது பிரேக் போடுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது மாமா பிரேக் போடுவார் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மதில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே போய் மோதினோம்.

“ஏன் மாப்பிள்ளை பிரேக் போடல?” என்றேன்.

“நீங்க போடுவீங்கன்னு இருந்தேன் மாமா. நீங்க ஏன் சொல்லல?”

“நீங்களா போடுவீங்கன்னு இருந்தேன்.”

சம்பந்தி, யோசித்துப் பாருங்கள். நீங்கள் வளர்த்த பிள்ளையும் நான் வளர்க்கிற விதமும் சேர்ந்து ஒரு வண்டியில் போனால் இதுதான் நடக்கும்.

மதிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர் உள்ளே போய்விட்டது, ஒரு விளக்கு போய்விட்டது, என் கை போய்விட்டது. தெருவில் ஈ காக்கை இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நான் பின் சீட்டுக்குப் போய்ச் சாய்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஓட்ட முன்னால் அவர் மட்டும். பக்கத்தில் பிரேக் போட ஆள் இல்லை. முதல் சிக்னலில், “மாமா, போகட்டுமா?” என்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். போனார். அடுத்த சிக்னலில் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கோடு போட்ட மாதிரி கொண்டுபோய் நிறுத்தினார். வலியிலும் எனக்குக் கைதட்ட ஆசை. ஒரு கையால் எப்படித் தட்டுவது?

பாப்பா ஓடி வந்தாள். நான் ஒரு வாரம் பக்கத்தில் இருப்பாள் என்று மகிழ்ந்துபோனேன். ஞாயிறு சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டாள். “இன்னும் நாலு நாள் இரேன் கண்ணு” என்றேன். “பயிற்சி பாதியில இருக்குப்பா” என்றாள். பாதியில் இருக்கிறது என்று கவலைப்படுகிறவள் என் பெண்! உங்களை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. அப்புறம், உங்களை விட்டால் கோபப்பட வேறு ஆள் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
சம்பந்தி
(எழுதியது: உங்கள் மகன்)

*

ஜூலை 9

சம்பந்திக்கு,

கை எப்படி இருக்கிறது? விரலை அசைத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும்.

நான் சொன்னேன் அல்லவா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கடிதத்தை மடித்து வைக்க முடியவில்லை. என் மகன் கையெழுத்தை நான் படித்தது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் அவன் எழுதிய நோட்டைக் கொண்டுவந்து காட்டும்போது எனக்குச் சிவப்பு மை மட்டும்தான் தெரியும். சிவப்பு அதிகம் இருந்தால் முறைப்பேன். மற்றதெல்லாம் நீலமாக ஒரு கோலம். இப்போது படித்தால் எவ்வளவு அழகாக எழுதுகிறான்! புள்ளி எல்லாம் அளந்து வைத்த மாதிரி. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, “பாரு, உன் பையன் எழுத்து” என்று காட்டினேன். “இப்பதான் தெரியுதா?” என்கிறாள்.

ஆனால் படிக்கப் படிக்க எரிந்தது. எழுத்து என் பையனுடையது, பேச்சு உங்களுடையது. ‘உங்கள் பையன்’, ‘மாப்பிள்ளை’ என்று தன்னைப் பற்றியே யாரோ போல எழுதிக்கொண்டு போகிறான். நீங்கள் முட்டாள்தனம் என்று எழுதச் சொன்னால் எழுதுகிறான். அப்பா என்று ஒரு இடத்திலும் இல்லை. கடிதம் முழுக்கத் தேடினேன். இல்லை.

அவனை வண்டியில் தனியாக விட்டதும் ஓட்டினான் என்கிறீர்கள். அதைப் பார்க்கும் பாக்கியமும் உங்களுக்குத்தான். நீங்கள் பின் சீட்டில் படுத்துக்கொண்டு பார்த்தீர்கள்!

அடுத்த கடிதத்தில் அவனாக இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவனாக எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். இப்படிக் கேட்பது எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை.

மாதக் கடைசி வருகிறது. திரும்பி வரச் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் இங்கே வரட்டும். வண்டியை வேண்டுமானால் நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

சம்பந்தி

*

ஜூலை 16

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்கள் கேட்டதை நான் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறவரே அவர்தான். அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

உங்கள் பையன் உங்களிடம் வரட்டும் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் நியாயம் பேசினால் எனக்கும் ஒன்று இருக்கிறது. என் பெண் பிறந்த வீட்டில் ஒரு வருஷமாவது இருக்கட்டும். முடிக்கத் தெரிந்த பெண்ணை நான் இன்னும் பார்க்கவே இல்லை. நீங்கள்தான் தினமும் பார்க்கிறீர்கள். ஆகவே அவர் இங்கேயே நிரந்தரமாக

அப்பா,

மாமா சொல்லிக்கொண்டிருந்தார், நான் நிறுத்திவிட்டேன். “மாமா, இதுக்கு மேல நான் எழுதறேன்” என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். இனி எழுதுவது நான்.

இங்கே வந்த உங்கள் கடிதங்களை எல்லாம் நான் படித்தேன். அங்கே வந்த மாமாவின் கடிதங்களை அவள் உங்களுக்குத் தெரியாமல் படித்திருக்கிறாள். நீங்கள் எங்களை ஏலம் போடுகிறீர்கள். அவர் ஒரு விலை, நீங்கள் ஒரு விலை. நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. உன் இஷ்டம் என்பது கேட்பது ஆகாது.

ஆபீஸில் இரண்டு ஊரைத்தான் சொன்னார்கள். நான் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டேன். அணைக்கட்டுப் பக்கம் புதிதாகக் குடிநீர் நிலையம் வருகிறது. கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அவள் பயிற்சி முடிந்ததும் வருவாள். பாதியில் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், நானும் சரி என்றேன். நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். உங்கள் ஊரும் இல்லை, மாமா ஊரும் இல்லை.

இதை எழுதும்போது பேனாவை இறுக்கிப் பிடிக்கிறேன். என் எழுத்தும் உங்கள் எழுத்து மாதிரி ஆகிவிட்டது பாருங்கள். நீங்கள் முறைத்தால் இந்த முடிவை மாற்றிக்கொள்வேனோ என்று பயந்துதான் நேரில் வராமல் எழுதுகிறேன்.

இன்னொன்று. பட்டறையில் தள்ளி நில் என்பீர்கள். நான் நின்ற இடத்திலிருந்து உங்கள் முதுகு மட்டும்தான் தெரியும். முன்னால் கை என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அது பயமில்லை அப்பா, ஆசை. நீங்கள் பயம் என்று நினைத்துக்கொண்டீர்கள். எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது.

பதில் எழுதுங்கள். திட்டி எழுதினால் நானும் எழுதுவேன்.

உங்கள் மகன்

*

ஜூலை 20

சம்பந்திக்கு,

கடிதம் வந்தது. மாமா எழுந்து வெளியே போய்விட்டார் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு வெளியே போனதை நான் பார்க்கவில்லையே!

அதற்கு முன்னாலேயே ‘அப்பா’ என்ற சொல் வந்துவிட்டது. அதைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை, பார்த்ததும் தெரிந்தது. பிறகு படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது. அணைக்கட்டுப் பக்கமாம்! யார் இருக்கிறார்கள் அங்கே? கடிதத்தை மேஜைமேல் அடித்தேன். என்னைக் கேட்காமல் முடிவு செய்ய இவன் யார் என்று கத்தினேன். மருமகள் சமையலறையிலிருந்து, “மாமா, அதுல என் முடிவும் இருக்கு, சேத்துத் திட்டுங்க” என்றாள். என் வீட்டுக்காரி, “எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்கல்ல, இப்ப வாங்கிக் கட்டிக்கங்க” என்றாள்.

பட்டறைக்குப் போனேன். அவன் எப்போதும் நிற்கிற இடம் தூணுக்கு அந்தப் பக்கம். அங்கே போய் நின்று பார்த்தேன். வாஸ்தவம்தான். அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை.

சம்பந்தி, இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். அவன் உங்களிடம் சிரித்தான். குளிக்கப் போகட்டுமா என்று கேட்டான். உங்களுக்குக் காரோட்டிக் காட்டினான். எல்லாம் சரி. உங்களிடம் என்றைக்காவது சண்டை போட்டானா? ‘எனக்குக் கோபம் இருக்கிறது’ என்று உங்களிடம் சொன்னானா? இல்லை. என்னிடம்தான் போட்டான். வீட்டில் முப்பது வருஷம் சேர்த்து வைத்ததை வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்கென்று வைத்திருந்து கொடுத்திருக்கிறான். நன்றாக எரியட்டும் உங்களுக்கு. பதிலுக்கு உங்கள் பெண் உங்களிடம் ஒரு நாள் சண்டை போட வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அப்போதுதான் தெரியும் அந்தச் சுகம்.

அணைக்கட்டு ஊரை நினைத்தால் இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. அந்த ஊர் என்ன புண்ணியம் செய்ததோ, இரண்டு பிள்ளைகளையும் சும்மா உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்து நாம் இரண்டு பேரும் சேர்ந்தே பொறாமைப்படலாம்.

உங்கள் வண்டியை எந்த மெக்கானிக்கிடமும் விடாதீர்கள். இங்கே அனுப்புங்கள். அவனே ஓட்டிக்கொண்டு வரட்டும். நீங்கள் வருவதென்றால் பின் சீட்டில் உட்காருங்கள். பம்பரை அவனே கழற்றுவான், அவனே நிமிர்த்துவான். நான் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். கையைக் கட்டிக்கொள்வேன். வாயையும் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள் என் வீட்டுக்காரி. அதற்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்று இதோடு நிறுத்துகிறேன், விரல் வலிக்கிறது. அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். ஆனால் அது உங்களுக்கு இல்லை. அவனுக்கு எழுத வேண்டிய திட்டு நிறைய இருக்கிறது, அவனும் பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். உங்களுக்கு அதற்கடுத்த வாரம்தான். அதுவரை பொறுத்திருங்கள்.

சம்பந்தி